வலி நின்றால் அடைப்பு நீங்கியதா?

நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஏறத்தாழ 99 சதவீதம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. மிஞ்சும் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர். சிறுநீர்ப்பைக்குப் போக அதற்கு ஒரு பக்கத்துக்கு ஒரே வழி: சுமார் 25 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழாய். அதில் ஒரு கல் சிக்கினாலே போதும், பாதை அடைபட்டுவிடும்.

அடைபட்டாலும் வடிகட்டும் வேலை உடனே நிற்பதில்லை. தேங்கிய சிறுநீரால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் ரத்தநாளங்களை விரிப்பதால் முதல் ஓரிரு மணி நேரம் ரத்த ஓட்டம் கூடுகிறது. கல் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி நன்றாகக் கேட்பது இந்தப் பொருள் சுரப்பதை அது தடுப்பதால்தான். பிறகு நிலைமை தலைகீழாகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் நாளங்களைச் சுருக்குகிறது. ரத்த வரவும் வடிகட்டலும் குறைகின்றன.

இதற்குப் பின் திசுவில் நடப்பதை ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயை முடிச்சிட்டு, சில நாள் கழித்துச் சிறுநீரகத்தை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். நுண்குழல்கள் அகன்று கிடக்கின்றன. அவற்றின் சுவரில் கனசதுரம்போல் நின்ற செல்கள் இழுபட்டுத் தட்டையாகிவிட்டன, பல மடிந்துபோயின. எஞ்சிய செல்கள் அனுப்பும் அபாயச் சைகைகளைக் கேட்டு மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம் தூண்ட, நார்ச்செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உற்பத்தி செய்கின்றன. மாசன் சாயம் ஏற்றினால் குழல்களுக்கு நடுவே அது நீலக் கோடுகளாகத் தெரியும். ஒரு வாரத்தில் மெல்லிசாகத் தெரிந்த கோடுகள் இரண்டாம் வாரத்தில் தடித்துவிடுகின்றன. இதுதான் தழும்பு. தழும்பேறிய இடத்தில் நெஃப்ரான் என்ற வடிகட்டும் அலகு புதிதாக முளைப்பதில்லை.

மனிதர்களிலும் பாதிப்பு இதே பாதையில்தான் போகிறது. வேகம் அடைப்பின் அளவைப் பொறுத்தது. இதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். நாளடைவில் அழுத்தம் தணிவதால் வலியும் அடங்கிவிடலாம். மற்றச் சிறுநீரகம் சுமையை ஏற்றுக்கொள்வதால் ரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவுகூடச் சரியாகவே இருக்கலாம். கல் கரைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர் ஒரு சிறுநீரகத்தை மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்கக்கூடும்.

அடைப்பைச் சீக்கிரம் நீக்கினால் திசு பெருமளவு தேறிவிடும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் மீள்வது குறைந்துகொண்டே போகும். அடைப்போடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப்புறம் சிறு குழாய் செருகியோ மருத்துவர்கள் சிறுநீரை வடியவிடுவார்கள். வலி நின்ற பிறகும் ஒருமுறை ஸ்கேன் எடுத்து, கல் வெளியேறியதா, சிறுநீரக வீக்கம் வடிந்ததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.