கடல் கடந்த ஆறு திங்கள்

இராமேசுவரத் தீவில் வாழும் மக்களுக்குக் கடல் கடந்து செல்லுதல் புதுமையன்று. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்ற பின்னர், தனுஷ்கோடி வரையில் புகைவண்டியிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் பலர் இலங்கை சென்று மீண்டனர். ஆனால் அத்தீவில் பிறந்த ஓர் இளைஞர் 1963ஆம் ஆண்டில் கடந்த கடல் வேறு. அவர் நாடிச் சென்ற பொருளும் வேறு. இராக்கெட்டு ஏவும் கலையைக் கற்க அவர் அமெரிக்கா சென்றார். பின்னாளில், 2002 முதல் 2007 வரையில், நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய ஏ. பி. ஜெ. அப்துல் கலாமே அவ்விளைஞர்.

தீவில் பிறந்த சிறுவனுக்கு முதல் அயல்நாடு எது? கலாமுக்கு அஃது இராமநாதபுரமே. சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, விடுதி வாழ்வை மேற்கொண்ட தொடக்க நாட்களில், தாயார் செய்யும் போளியையும் வீட்டையும் எண்ணி அவர் ஏங்கினார். பின்பு திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அதன்பின் சென்னைத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் விமானப் பொறியியல் பயில விரும்பியபோது, சேர்க்கைப் பணம் கட்ட வழியில்லை. அவருடைய தமக்கையார் சோகரா, தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அப்பணத்தைத் தந்தார். எனவே, கலாம் பெற்ற கல்வியில் பிறருடைய பங்கும் கலந்திருந்தது. அமெரிக்கப் பயணத்தைக் காணும்போதும் இதனை நாம் மறத்தலாகாது.

விக்கிரம் சாராபாயின் தலைமையில் இயங்கிய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவில் கலாம் பொறியாளராகச் சேர்ந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரை ஏவுதளத்திற்குரிய இடமாக அக்குழு தேர்ந்தெடுத்திருந்தது. நிலத்தின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அருகே செல்கின்றது. அக்கோட்டிற்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கின்றது. பலூன்கள் அவ்வளவு உயரம் செல்லமாட்டா; செயற்கைக் கோள்களோ அதற்கு மேலேதான் நிலையாகச் சுற்றவல்லவை. இடைப்பட்ட அப்பகுதியை ஆராய இராக்கெட்டு ஒன்றே வழி. இடம் நம்மிடம் இருந்தது. ஏவத் தெரிந்தவர் நம்மிடம் இல்லை. ஆகவே இளம் பொறியாளர் சிலர் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவிற்கு அனுப்பப்பெற்றனர்.

புறப்படுமுன் கலாம் இராமேசுவரம் சென்றார். செய்தி கேட்டு மகிழ்ந்த தந்தையார் மகனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, நன்றித் தொழுகை நடத்துவித்தார். மைத்துனர் சலாலுத்தீனும், உறவினர் சம்சுத்தீனும் பம்பாய் விமான நிலையம் வரையில் உடன்சென்று வழியனுப்பினர். கலாம் நியூயார்க்கை முதன்முதலாகக் காணப் போகிறார். அவ்விருவரோ பம்பாயை முதன்முதலாகக் கண்டு நின்றனர்!

பயிற்சி ஆறு திங்கள் நடைபெற்றது. முதலில் வர்சீனியா மாநிலத்து இலாங்லி ஆராய்ச்சி நிலையம். அங்கே ஒரு தேரோட்டி இரு குதிரைகளைச் செலுத்தும் சிற்பம் கலாமின் நெஞ்சில் பதிந்தது. ஒரு குதிரை அறிவியல் ஆராய்ச்சி. மற்றது தொழில்நுட்ப வளர்ச்சி. அடுத்து மேரிலாந்தில் உள்ள காடர்டு நிலையம். இறுதியாக வாலப்சு தீவு. அதுவும் அட்லாண்டிக் கரையோரத்து மணல் தீவுதான். இராமேசுவரத்தில் வளர்ந்தவருக்குக் கடற்காற்று புதிதாக இருந்திராது.

உணவுதான் வேறுபட்டது. கலாமும், உடன் பயின்ற அராவமுதனும் புலால் உண்ணாதவர். பிசைந்த உருளைக்கிழங்கு, அவித்த காய்கறி, ரொட்டி, பால் ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் நாட்களைக் கழித்தனர். ஆறு திங்களில் இராக்கெட்டுக் கலை முழுவதையும் கற்றுவிட இயலுமா என்று நீங்கள் வினவலாம். இயலாது. அவர்கள் கற்றது இராக்கெட்டைச் செய்யும் முறையன்று, ஏவும் முறையே. கூறுகளை இணைத்தல், கருவிகளைப் பொருத்துதல், பறக்கும் இராக்கெட்டை ராடாரால் பின்தொடர்தல், விபத்து நேராமல் காத்தல் ஆகியவையே பாடங்கள்.

வாலப்சு நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் தொங்கியது. போர்க்களம் ஒன்றில் சில இராக்கெட்டுகள் பறந்தன. அவற்றை ஏவியவர் வெள்ளையர் அல்லர். கருநிறத்துத் தென்னாட்டு வீரர். அருகே சென்று பார்த்த கலாம், அது திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயரை எதிர்த்த காட்சி என அறிந்தார். மைசூர்ப் படையின் இராக்கெட்டுகள் இரும்புக் குழாய்களால் ஆனவை. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவு புதிய இராக்கெட்டுகளை அமைத்தார். நம் நாட்டார் மறந்ததை அயலார் சுவரில் மாட்டிப் போற்றியிருந்தனர். கலாம் இதனைத் தம் தன்வரலாற்றில் வியப்புடன் குறித்துள்ளார்.

கற்றதற்குச் சோதனை விரைவில் வந்தது. 1963 நவம்பர் 21ஆம் நாள், நாசா அளித்த நைக்கி அப்பாச்சி என்னும் இராக்கெட்டு தும்பாவில் ஏவப்பட இருந்தது. ஒரு பழைய மாதா கோவிலே அதனை இணைக்கும் கூடம். இணைப்பும் காப்பும் கலாமின் பொறுப்பு. இராக்கெட்டு விண்ணில் சோடிய ஆவியைச் சிந்தும். நிலம் இருண்டு, மேலே மட்டும் கதிரொளி படும் அந்திப்பொழுதில்தான் அவ்வாவி ஒளிர்ந்து, மேற்காற்றின் போக்கைக் காட்டும். ஆகவே நேரம் தவறினால் அன்றைய முயற்சி வீண். அந்த வேளையில், இராக்கெட்டைத் தூக்கிய பாரந்தூக்கியில் எண்ணெய் கசிந்தது, இராக்கெட்டு சாய்ந்தது. பழுது பார்க்க நேரமில்லை. அங்கிருந்தோர் யாவரும் தோள் கொடுத்து, கைகளாலேயே அதனைத் தூக்கி ஏவுமேடையில் வைத்தனர். இந்த முறையை வாலப்சில் எவரும் கற்பித்திருக்கமாட்டார்!

மாலை 6 மணி 25 மணித்துளிக்கு இராக்கெட்டு எழுந்தது. சிறிது நேரத்தில் மேல்வானில் செம்மஞ்சள் நிற முகில் ஒன்று தோன்றியது.

அந்த இராக்கெட்டு அமெரிக்கருடையது. சோடிய ஆவிக் கருவி பிரெஞ்சு நாட்டாருடையது. ஏவியவர் மட்டுமே நம்மவர். நம் நாட்டிலேயே செய்த முதல் உரோகிணி இராக்கெட்டு, அதே தும்பாவிலிருந்து 1967ஆம் ஆண்டு நவம்பரில் பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர்தான்.