இளநீரும் எமனாகும்

இளையரசனேந்தலிலோ அதைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களிலோ ஒருவர் நோயுற்றுப் படுத்தால், பார்க்கச் செல்வோர் இரண்டு இளநீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோவது நெடுநாளைய வழக்கம். அன்பின் செய்கையே. ஆனால் படுத்திருப்பவர் சிறுநீரகம் செயலிழந்தவரானால், அவ்வன்பே அவர் உயிருக்கு உலையாகக் கூடுமென்பதை நம் ஜனங்கள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

கிராமத்தார் குண்டிக்காய் என்று சொல்லும் இவ்வுறுப்பு மூத்திரத்தைப் பிரிப்பதோடு நிற்பதன்று. பொட்டாசியம் என்னும் உப்பை ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற அளவில் நிறுத்தி வைப்பதும் அதுவே. அது ஓய்ந்தபோது, இளநீரிலும் பழத்திலும் கீரையிலும் மிகுந்துள்ள இவ்வுப்பு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அளவு 6.5-ஐத் தாண்டினால் இருதயம் தாளந்தவறித் திடீரென நின்றுவிடலாம். வலியில்லை, காய்ச்சலில்லை. சிலருக்குக் கைகால் தளரும்; சிலருக்கு அதுவுமில்லை.

ஏனைய அபாயங்களோ வேறு பெயர்களில் உலவுகின்றன. வெளியேறாத நீர் நுரையீரலில் கோத்து, நோயாளி படுக்க மாட்டாமல் இரவெல்லாம் உட்கார்ந்து மூச்சு வாங்கினால், இழுப்பு என்கிறார்கள். ரத்தத்தில் கழிவு மிகுந்து ஓயாத வாந்தியும் விக்கலும் மயக்கமும் கண்டால், பித்தம் என்கிறார்கள். பெயர் தவறுவதால் பொழுதும் தவறுகிறது. கடையில் கேட்டவுடன் கிடைக்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கிப் பழுதை வளர்த்துக்கொள்வோர் கதை தனி.

சிறுநீரகம் ஓய்ந்த அன்றே வாழ்வு முடிந்ததென்று கருத வேண்டுவதில்லை. 1975 ஜூன் 26-ல் கைதான ஸ்ரீ ஜயப்பிரகாஷ் நாராயண், காவலில் நோய் முற்றி, நவம்பரில் விடுவிக்கப்பட்டுப் பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியை அடைந்தார். சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. எனினும் டயாலிஸிஸ் என்னும் ரத்தசுத்தியின் துணையால் 1979 அக்டோபர் 8 வரை ஜீவித்தார். தம்மைச் சிறையிட்ட சர்க்கார் தேர்தலில் வீழ்ந்ததையும் கண்ணாரக் கண்டார்.

பம்பாயில் அவருக்குக் கிட்டியது கரிசற்காட்டுக் கூலியாளுக்கும் கிட்டவேண்டுமென்பது மிகையன்று. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சை இலவசமாகவே நடைபெறுகிறது. ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம்! நோயாளி கூலியோடு துணைவருபவர் கூலியும் போகிறது. ஆகவே ஒரு முறை தவறுகிறது. திருவிழாவென்று மற்றொரு முறை தவறுகிறது. இடைவெளி நீளுந்தோறும் உப்பும் நீரும் ஏறுகின்றன.

ஊர்தோறும் உள்ள தொண்டர்கள், ரத்தசுத்தி செய்துகொள்வோர் யாரென்று அறிந்து, தவறியவரை அன்றே வண்டியேற்றி அனுப்பலாம். சர்க்காரிடம் நாம் கேட்பது இது: எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியாயினும், நள்ளிரவிலும் இருதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்து, கால்ஷியம் ஊசியை அந்நிமிஷமே செலுத்தும் வசதி வேண்டும். அவ்வூசி உப்பை வெளியேற்றாது. இருதயத்தைச் சிறிது நேரம் காக்கும். ரத்தசுத்தி நடக்குமிடத்திற்கு நோயாளியைக் கொண்டு சேர்க்க அந்த அவகாசமே தேவை.