எதிர்பார்த்தல்

தேர்வு முடிவை எதிர்பார்க்கிறோம். ஊரிலிருந்து வரும் கடிதத்தை எதிர்பார்க்கிறோம். நாள்தோறும் வழங்குவதனாலேயே இச்சொல்லின் உட்பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

'எதிர்' என்பது முகத்துக்கு நேரான இடம். நேர்நின்று மாறுபடுபவன் எதிரி. விருந்தினரை முன்சென்று வரவேற்பதோ எதிர்கொள்ளுதல். பகைவனும் விருந்தினனும் ஒரே திசையிலிருந்துதான் வருகின்றனர் போலும்! காலத்திற்கும் இச்சொல் பொருந்திற்று. தொல்காப்பியர் முக்காலங்களை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று வழங்கினார். இறத்தல் என்பதற்குக் கடத்தல் என்பது பழம்பொருள். ஆகவே, நம்மைக் கடந்து சென்றது இறந்தகாலம். நமக்கு நேரே வந்துகொண்டிருப்பது எதிர்காலம். திருவள்ளுவரும் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், வரக்கூடிய துன்பத்தை முன்னறிந்து காப்பதைச் சொல்லுமிடத்தில், 'எதிரது' என்னும் சொல்லையே ஆள்கிறார்.

எனவே 'எதிர்' என்னும் பகுதி நன்மை தீமை இரண்டிற்கும் பொது. ஆனால் அதனோடு 'பார்' என்பது சேர்ந்தவுடன் நிலை மாறிவிடுகிறது. வாயிற்படியில் நின்று, வருபவர் வரும் வழியையே பார்த்திருப்பவரை எண்ணுங்கள். அப்பார்வையில் ஆவல் கலந்திருக்கிறது. அந்த ஆவல் 'எதிர்பார்த்தல்' என்ற சொல்லிலும் தங்கிவிட்டது. மழையை எதிர்பார்க்கிறோம் என்று உழவர் சொன்னால் அது பொருந்துகிறது. 'வெள்ளத்தில் உயிர்ச்சேதம் மிகும் என எதிர்பார்க்கப்படுகிறது' என்று செய்தி எழுதினால், சேதத்தை யாரோ விரும்பிக் காத்திருப்பதுபோல் தொனிக்கிறது. ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்தெழுதுவதால் நேரும் பிழை இது. அங்கே இச்சொல் விருப்பு வெறுப்பின்றி வழங்கும். தமிழில் அவ்வளவு பொதுவாக வழங்குவதில்லை. 'மிகக்கூடும் என அஞ்சப்படுகிறது' என்பதே நம் மரபு.

வியப்பு என்னவெனில், எதிர்மறையில் இந்த ஆவல் மறைந்துவிடுகிறது. எதிர்பாராத பரிசு என்கிறோம். எதிர்பாராத விபத்து என்றும் கூசாமல் சொல்கிறோம். பார்த்திருத்தலே இல்லாதபோது ஆவலுக்கு இடமேது?

வேற்றுமையிலும் கருத்து வேண்டும். கடிதத்தை எதிர்பார்க்கிறோம்; கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம். 'கடிதத்துக்கு எதிர்பார்க்கிறேன்' என்று எழுதும் மாணவர், இரு தொடர்களை ஒன்றாக்கிக் குழப்பிவிடுகிறார்.

இலக்கணப் பிழையையேனும் ஆசிரியர் திருத்திவிடலாம். நோயுற்றவர் வீட்டாருக்கு மடல் எழுதுங்கால், 'நோய் இன்னும் கடுமையாகும் என எதிர்பார்க்கிறேன்' என்று ஒருவர் எழுதிவிட்டால், அம்மடலைப் பிரித்துப் படிப்பவர் மனம் என்ன பாடுபடும்!