ஸ்போர்ட்ஸ் காரை ஸ்கேன் செய்வோம்: பெங்களூருவிலிருந்து ராயப்பன்பட்டிக்கு

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இன்றைய காரின் பானட்டைத் திறந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்துவதே ஒரு கம்ப்யூட்டர்தான். இ.சி.யு. என்று பெயர். மானிட்டரும் கீபோர்டும் இல்லாததால் நாம் அதனிடம் பேசுவதில்லை. பேச வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. எப்படிப் பேசினேன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஊர் ராயப்பன்பட்டி. உத்தமபாளையத்தில் பிரிந்து மலையடிவாரத்திற்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் போன கம்பம் பள்ளத்தாக்கு. வேலை பெங்களூருவில். நெடுநாள் ஆசையில் 2016 மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். இரண்டு கதவு, இரண்டு சீட், டர்போ பெட்ரோல் எஞ்சின். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. போனில் அம்மாவிடம் சொன்னபோது, "ரெண்டு பேரு உக்காரத்தானா இம்புட்டுக் காசு?" என்றார். அந்த இரண்டாவது சீட்டில் அம்மாவை உட்காரவைத்து, முழங்கால் வலிக்குக் காட்டுவதற்காக பெங்களூருவுக்கு அழைத்து வருவது என்று முடிவு செய்திருந்தேன். போக ஏறக்குறைய 480 கி.மீ., வர 480. நான் மட்டும் நடுரோட்டில் நின்றால் பரவாயில்லை. அம்மாவை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

பதினாறு பின் சாக்கெட்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் பதினாறு பின் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். இதுதான் ஓ.பி.டி. போர்ட். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லா கார்களுக்கும் ஓ.பி.டி. 2 கட்டாயமானது. இந்தியாவில் பி.எஸ். 4 கார்களுக்கு ஏப்ரல் 2013 முதல் வந்தது. எனவே அதற்குப் பின் வந்த கார் என்றால் உங்களிடமும் இந்த வசதி இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரே வேண்டும் என்பதில்லை.

இதில் செருக இ.எல்.எம். 327 வகை புளூடூத் அடாப்டர் வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் போலி சிப் கொண்டவை. சாதாரண வேலைக்கு அதுவே போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வை-ஃபை அல்லது புளூடூத் லோ எனர்ஜி வகையைப் பார்த்து வாங்கவும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனில் புளூடூத் பேரிங் செய்திடவும். பாஸ்வேர்ட் கேட்டால் பெரும்பாலும் 1234. பின் கார் ஸ்கேனர் ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்து கனெக்ட் கொடுத்தால் எஞ்சின் சூடு, வேகம் எல்லாம் மீட்டர் மீட்டராக வந்து நிற்கும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ருசியான வழி ஒன்று உண்டு. புளூடூத் டெர்மினல் ஆப் மூலம் நேரடியாகவே கேட்கலாம். 0105 என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். 01 என்றால் "இப்போதைய நிலவரம் சொல்", 05 என்றால் கூலன்ட்டின் வெப்பம். எனக்கு வந்த பதில் 41 05 82. கேட்ட 01 உடன் 40 சேர்த்து 41 என்று தருவது "உன் கேள்வி கிடைத்தது" என்பதற்கு அடையாளம். கடைசி 82 ஹெக்ஸாடெசிமல் எண். எட்டைப் பதினாறால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 130. அதில் 40 கழிக்க வேண்டும் என்பது விதி. ஆக 90 டிகிரி செல்சியஸ். கல்லூரியில் ஹெக்ஸ் கணக்குப் போட்டபோது இது எதற்கு உதவும் என்று நினைத்ததுண்டு.

கோளாறே இல்லையாம்!

முதல் ஸ்கேனில் "ஃபால்ட் கோட் எதுவும் இல்லை" என்று வந்தது. பழைய காருக்கு இது நல்ல செய்திதானே? நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன், அடுத்த ஸ்க்ரீனைப் பார்க்கும் வரை.

அந்த ஸ்க்ரீனுக்கு ரெடினெஸ் மானிட்டர் என்று பெயர். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் போன்ற பாகங்களை இ.சி.யு. ஓட்டத்தின்போது தானாகவே பரிசோதித்து, முடிந்ததும் "கம்ப்ளீட்" என்று டிக் போடும். ஃபால்ட் கோட்களை யாராவது அழித்தால் இந்த டிக்குகளும் சேர்ந்தே அழிந்துவிடும். என் காரில் பாதிக்கு மேல் டிக் இல்லை. உடனே டெர்மினலில் 0131 தட்டினேன். கோட்களை அழித்த பின் ஓடிய தூரத்தைக் கேட்கும் கேள்வி இது. பதில்: 41 31 00 26. ஹெக்ஸ் 26 என்றால் 38 கிலோமீட்டர்! விற்றவர் இடத்திலிருந்து என் வீடு வந்த தூரம் 31 கி.மீ. அதாவது நான் வாங்குவதற்குச் சற்று முன்புதான் மெமரி துடைக்கப்பட்டிருக்கிறது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இதே நிலை வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே இதை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் கொடுத்த பின் பார்த்தேன்.

தினமும் ஆபீஸ் போய்வந்து, ஞாயிறு அன்று ஓசூர் வரை ஒரு ஓட்டம். 160 கி.மீ. தாண்டியதும் பென்டிங் பகுதியில் ஒரு கோட் எட்டிப் பார்த்தது: பி0171. முதல் எழுத்து எஞ்சின், கியர் தொடர்பானது என்பதைக் குறிக்கிறது. அடுத்த பூஜ்யம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட் என்பதைக் குறிக்கிறது. பொருள்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. டேஷ்போர்டில் எஞ்சின் லைட் இன்னும் எரியவில்லை. மறுபடியும் அதே கோளாறு தென்பட்டால்தான் எரியும். ஊருக்குக் கிளம்பியிருந்தால் கரூர் பக்கம் எரிந்திருக்கும்.

மெக்கானிக்கிடம் காட்டினேன். "எத்தனால் பெட்ரோல் சார், எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால், அதே காற்றுக்கு இ.சி.யு. சில சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கும். இப்படிக் கூட்டிக் குறைக்கும் அளவுக்கு ஃப்யூயல் ட்ரிம் என்று பெயர். ஆப்பில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்று தேடினால் கிடைத்திடும்.

ஆனால் எத்தனால் மட்டுமே காரணம் என்றால் எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் ட்ரிம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். என் காரில் ஐடிலில் கூட்டல் 19 சதவீதம். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் வைத்தால் வெறும் 6. இது எங்கோ காற்று ஒழுகுவதற்கான அடையாளம். ஒழுகும் காற்றின் அளவு பெரிதாக மாறாது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால் அந்த ஒழுகல் பெரிதாகத் தெரியும். வேகம் கூடும்போது மொத்தக் காற்றில் அது கரைந்துபோகும். பெட்ரோல் பம்ப் பலவீனம் என்றால் நேர்மாறு, வேகத்தில்தான் ட்ரிம் ஏறும்.

இந்த இரண்டு எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் தேடினார். இன்டேக் பக்கம் விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ், வளைவின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. மாற்றிய பின் ஐடிலில் 6, 2500-இல் 5. மீதமிருக்கும் அந்த ஐந்தாறு அவர் சொன்ன எத்தனாலாக இருக்கலாம். இருவரும் ஜெயித்தோம்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியை உறிஞ்சும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 2015-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இதே போர்ட்டில் செருகியிருந்த செல்போன் இணைப்புள்ள டாங்கிளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, வைப்பரை ஓடவிட்டார்கள். மெதுவாகப் போகும்போது பிரேக்கைப் பிடிக்கவும், பிரேக்கே பிடிக்காமல் செய்யவும் அவர்களால் முடிந்தது.

சென்சார் இல்லாத இடங்கள்

இதற்குள் ஸ்க்ரீனில் எல்லாம் பச்சை. கிளம்பியிருப்பேன். வண்டியைத் துடைக்கும்போது டயரின் பக்கவாட்டில் 1417 என்ற எண் கண்ணில் பட்டது. 2017-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர்! மேலே பட்டன் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு. ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் டயரைச் சோதிக்க வேண்டும், பத்து ஆனால் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று டயர் கம்பெனிகள் சொல்கின்றன. காற்று குறைந்தால் சொல்ல என் காரில் சென்சார் உண்டு. ரப்பரின் வயதைச் சொல்ல இல்லை. நான்கையும் மாற்றினேன். ஹோஸுக்குக் கொடுத்ததைப் போல் பல மடங்கு செலவு. இந்தக் காரில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சர் திரவமும் சிறு பம்பும்தான். திரவ பாட்டிலில் எக்ஸ்பயரி தேதி போட்டிருக்கும், பாருங்கள். என்னுடையது முடிந்திருந்தது.

அடுத்து பிரேக் ஆயில். டாட் 4 வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் தரநிலை கேட்பது 155 டிகிரிதான். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் எவ்வளவு விபத்துகளைப் பார்த்தது என்பது அந்த ரூட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். ஆயிலை மாற்றிவிட்டு, சிறிய கியரில் இறங்குவது என்று முடிவு செய்தேன்.

ஃபாஸ்டேக்கில் பழைய உரிமையாளரின் கணக்கே இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளவும். மேப்பை வீட்டு வை-ஃபையிலேயே ஆஃப்லைனுக்கு டவுன்லோட் செய்துவிடவும். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

ஏழு ஸ்பீட் பிரேக்கர்

உண்மையான தலைவலி ஊருக்குள்தான். காருக்கும் தரைக்கும் இடைவெளி 120 மி.மீ. என்று புத்தகம் சொல்கிறது. டேங்க் நிரப்பி, பை வைத்து, நண்பரையும் உட்காரவைத்து அளந்தேன்: 104. ராயப்பன்பட்டியில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, உத்தமபாளையத்திலிருந்து வீடு வரை உள்ள ஸ்பீட் பிரேக்கர்களை அளந்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் பேசினான். "அண்ணே, மொத்தம் ஏழு. உங்க வண்டி என்ன பல்லியா, தரையோட ஊர்ந்து போகுறதுக்கு?"

அவன் அனுப்பிய உயரம், அகலம் இரண்டையும் லிப்ரெ ஆபீஸ் கால்க்கில் போட்டேன். இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி கட்டிய ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வில் போல இருக்கும். 10 செ.மீ. என்றால் 104-க்கு மிக நெருக்கம், உரசும் என்று தோன்றுகிறதல்லவா? உரசாது. என் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.5 மீட்டர்தான். நடுப்பகுதி உச்சிக்கு மேல் வரும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். இரண்டரையின் வர்க்கத்தை 17-இன் எட்டு மடங்கால் வகுத்தால் 0.046. அதாவது சக்கரங்களுக்கு நடுவே மேடு எழும்புவது 46 மி.மீ. மட்டுமே. அடிப்பகுதி தாராளமாகத் தப்பிவிடும்.

ஆபத்து குறுகலான மேடுகளில்தான். முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாத நிலையில் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். ஏழில் ஐந்து இப்படிப்பட்டவை. நான்கு 9 செ.மீ.க்குள் இருந்தன. ஒன்று 13. குறுக்காக ஏற்றினாலும் ஒவ்வொரு சக்கரமாக ஏறுமே தவிர, 13 செ.மீ. 13-தான். அதற்குமுன் இடதுபுறம் பிரியும் தோட்டத்துப் பாதையில் சுற்றிவரலாம் என்று தம்பியே வழி சொன்னான்.

கிளம்பியது ஒரு வெள்ளி அதிகாலை. தொப்பூரில் மூன்றாவது கியர். திண்டுக்கல் தாண்டி வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர் என்று மதியத்துக்குள் உத்தமபாளையம். கூலன்ட் எங்கேயும் 96-ஐத் தாண்டவில்லை. ட்ரிம் 6. தோட்டத்துப் பாதையில் புல் உரசிய சத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலை அம்மா வாசலில் வந்து காருக்குள் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கவேண்டியதாயிற்று. ஸ்கேலை எடுத்து அளந்தேன்: வீட்டு நாற்காலி தரையிலிருந்து 45 செ.மீ., கார் சீட் 24. வலிக்கிற முழங்காலை மடக்கி அவ்வளவு கீழே உட்கார்ந்து எழுவது நடக்காத காரியம். அம்மா அன்றிரவு கம்பத்திலிருந்து பெங்களூரு வரும் பஸ்ஸில் தம்பியோடு ஏறினார். நான் தனியாகத் திரும்பினேன். கால்க் ஷீட்டில் "சீட் உயரம்" என்று ஒரு வரிசை சேர்த்திருக்கிறேன்.