குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கு மது, போதைப்பொருள் மதிப்பீடு: இல்லினாய் மாநில நடைமுறை

தண்டனைக்கு முன் ஒரு கட்டாயம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குடிபோதையில் வாகனம் ஓட்டிப் பிடிபட்டவருக்கு, நீதிமன்றம் தண்டனை விதிக்கும் முன் மது, போதைப்பொருள் மதிப்பீடு நடந்தாக வேண்டும். அவர் எவ்வளவு குடிக்கிறார், போதைப்பொருள் பழக்கம் உண்டா, அது நோயாக முற்றியிருக்கிறதா, இதே நிலையில் மறுபடியும் சாலைக்கு வரும் அபாயம் எவ்வளவு என்பதை உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் ஆராய்ந்து அறிக்கை தருவார். மாநிலம் முழுவதற்கும் அறிக்கைப் படிவம் ஒன்றே. மதிப்பீட்டாளர்களுக்கு உரிமம் வழங்குவது மாநில மனித சேவைகள் துறை. முதல் முறை பிடிபட்டவருக்கும் இதிலிருந்து விலக்குக் கிடையாது. பிற மாநிலங்கள் பலவற்றிலும் இது போன்ற ஏற்பாடு உண்டு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இல்லினாயில் ரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதத்தைத் தொட்டால் குற்றம். அதாவது 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. இந்தியாவில் இந்த வரம்பு 30 மில்லிகிராம்தான். வண்டி ஓட்டியவர் குற்றவாளியா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு; மதிப்பீட்டாளர் பார்ப்பது அவருடைய உடல்நிலையையும் பழக்கத்தையும் மட்டுமே. குடிநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் தாமாகச் சிகிச்சை தேடி வருவதில்லை. அவர்களில் பலரிடம் பயிற்சி பெற்ற ஒருவர் முதன்முதலாக உட்கார்ந்து, குடியைப் பற்றி முறையாகக் கேட்பது இந்த மதிப்பீட்டு அறையில்தான். சட்டத்தின் வழியாகத் திறக்கும் மருத்துவ வாசல் என்ற அளவில் இதன் மதிப்பு மிகப் பெரிது.

மதிப்பீட்டாளர் எதை வைத்துப் பேசுகிறார்

நேர்காணல் தொடங்கும்போது மதிப்பீட்டாளரின் மேசையில் சில தாள்கள் இருக்கும். மூச்சு அல்லது ரத்தப் பரிசோதனையின் முடிவு ஒன்று. வாகன ஓட்டுநரின் கடந்த காலப் பதிவு மற்றொன்று. பழைய கைதுகளும் உரிமம் முடக்கப்பட்ட விவரங்களும் அதில் இருக்கும். அத்துடன், விடைகளுக்கு மதிப்பெண் இடக்கூடிய, தரப்படுத்தப்பட்ட வினாத்தாள் ஒன்றையும் வந்தவர் நிரப்ப வேண்டும். அதன் பிறகே நேர்முகக் கேள்விகள். முதன்முதலில் எந்த வயதில் குடித்தார், இப்போது வாரத்தில் எத்தனை நாள், ஒரே அமர்வில் அதிகபட்சம் எவ்வளவு, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடிப்பழக்கம் உண்டா, கைதான அன்று எத்தனை மணிக்குக் குடிக்கத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்தினார் என்று கேள்விகள் நீளும்.

இங்கே அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு: “இரண்டே இரண்டு பீர்தான்.” கருவி காட்டியதோ 0.21 என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டும் ஒத்துப்போகுமா என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் எரிக் விட்மார்க் 1930களில் வகுத்துத் தந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. அமெரிக்க அளவின்படி, 5 சதவீத பீர் 355 மில்லியில் சுமார் 14 கிராம் சுத்த மது இருக்கிறது. 80 கிலோ எடையுள்ள ஆண் ஒருவருக்கு அது ரத்தத்தில் ஏறத்தாழ 0.026 சதவீதம் ஏற்றும். ஈரலோ மணிக்குச் சுமார் 0.015 சதவீதம் என்ற வேகத்தில் அதைக் கழித்துக்கொண்டே இருக்கும். ஆக, இரண்டு பீரில் 0.05ஐ எட்டினாலே அதிகம். 3 மணி நேரம் குடித்து முடித்தவரிடம் கருவி 0.21 காட்ட வேண்டுமானால் அவர் 10 பீர் அளவுக்கு உள்ளே தள்ளியிருக்க வேண்டும். எடை, உடல்வாகு, வயிற்றில் இருந்த உணவு எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்பின்னாக்கும். ஆனால் 10ஐ 2 ஆக்காது.

இந்த முரண்பாடு அறிக்கையில் அப்படியே பதிவாகும். குறைத்துச் சொன்னால் அறிக்கையில் தமக்குக் குறிக்கப்படும் அபாய வகை குறையும் என்று நம்பிப் பலரும் செய்யும் இந்தத் தவறுதான் பின்னாளில் அவர்களுக்கே அதிகம் பாதகமாகிறது.

0.20க்கு ஏன் அத்தனை கனம்

மதிப்பீட்டில் 0.20 சதவீதம் ஒரு முக்கிய எல்லைக்கோடு. எப்போதாவது குடிப்பவரின் ரத்தத்தில் மது 0.20 சதவீதத்தைத் தொடுமுன்பே பெரும்பாலும் வாந்தி வரும், நாக்கு குழறும், கால் தரிக்காது, படுத்துவிடுவார். அந்த அளவோடு ஒருவர் சாவியைப் போட்டு, வண்டியைக் கிளப்பி, நெடுஞ்சாலை வரை வந்திருக்கிறார் என்றால் அவருடைய உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள். மூளையைத் தணிக்கும் காபா ஏற்பிகள் மந்தமாகி, தூண்டும் குளுட்டமேட் ஏற்பிகள் மிகுந்து, மது இருந்தாலும் ஓரளவு இயங்கும் நிலைக்கு நரம்பு மண்டலம் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். ஈரலிலும் மதுவைச் சிதைக்கும் நொதிகள் பெருகியிருக்கும். “எனக்கு எவ்வளவு குடித்தாலும் ஏறாது” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். மருத்துவர் காதில் அது நோயின் அறிகுறியாக விழும். நடை தள்ளாடாவிட்டாலும் அவர்களுடைய கவனமும் முடிவெடுக்கும் வேகமும் குறைந்துதான் இருக்கும்.

நோய் என்று எப்போது சொல்வது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறி கையேடு 11 அறிகுறிகளைத் தருகிறது. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, குடியிலும் அதிலிருந்து தெளிவதிலும் நேரம் கழிவது, அடங்காத ஏக்கம், வேலையும் வீட்டுப் பொறுப்பும் கெடுவது, உறவில் சண்டை வந்தும் விடாமல் குடிப்பது, ஆபத்தான சூழலில் திரும்பத் திரும்பக் குடிப்பது, அளவைக் கூட்டினால்தான் போதை ஏறுவது, நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வருவது ஆகியவை அவற்றில் சில. ஓராண்டுக்குள் இவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசான நோய். 4 அல்லது 5 இருந்தால் நடுத்தரம். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையானது.

இதற்கு முந்தைய பதிப்பில் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வதும் ஓர் அறிகுறியாக இருந்தது. ஐந்தாம் பதிப்பு அதை நீக்கிவிட்டு ஏக்கத்தைச் சேர்த்தது. எனவே கைதானார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குடிநோயாளி என்று எழுதிவிட முடியாது. ஒரு திருமண விருந்தில் அளவு மீறிய இளைஞரும், காலையில் கை நடுக்கம் தீரக் குடித்தாக வேண்டியவரும் ஒரே இரவில், ஒரே சாலையில் பிடிபடலாம். இருவருக்கும் ஒரே மருந்து கொடுப்பது நியாயமாகாது. அவர்களைப் பிரித்தறியத்தான் இந்த மதிப்பீடு.

முதற்கட்டமாகச் சலித்தெடுக்க உலகெங்கும் பயன்படும் கருவிகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ வினாப்பட்டியலில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தாலே கவனிக்க வேண்டிய குடி என்று கொள்கிறார்கள். இதைத் தமிழர் எவரும் தனக்குத் தானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கைதாக வேண்டிய அவசியம் இல்லை.

நான்கு வகைகள்

இல்லினாய் விதிகள் மதிப்பீட்டுக்கு வந்தவரை நான்கில் ஒரு வகையில் சேர்க்கின்றன. முன்பு இத்தகைய வழக்கு எதுவும் இல்லாமல், மதுவின் அளவு 0.15க்குக் கீழே இருந்து, வேறு அறிகுறியும் தென்படாவிட்டால் மிகக் குறைந்த அபாயம். 10 மணி நேர விழிப்புணர்வு வகுப்போடு முடிந்துவிடும். அளவு 0.15 முதல் 0.19 வரை இருந்தாலோ, பரிசோதனைக்கு ஒத்துழைக்க மறுத்திருந்தாலோ மிதமான அபாயம். இவர்களுக்கு அந்த 10 மணி நேரத்தோடு, குறைந்தது 12 மணி நேரம் ஆற்றுப்படுத்தும் அமர்வுகள் சேரும்.

அளவு 0.20ஐத் தொட்டாலோ, முன்பே ஒரு வழக்கு இருந்தாலோ, நோயின் சில அறிகுறிகள் தெரிந்தாலோ குறிப்பிடத்தக்க அபாயம். விழிப்புணர்வு வகுப்புடன் குறைந்தது 20 மணி நேரச் சிகிச்சையும், அது முடிந்த பின் தொடர் கவனிப்பும் உண்டு. மதுவுக்கு அடிமையானதற்கான அறிகுறிகள் உள்ளவரும், 10 ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே இரண்டு முறை இப்படிச் சிக்கியவரும் உயர் அபாய வகையில் வருவர். அவர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரச் சிகிச்சை.

சிகிச்சையை மதிப்பீடு செய்தவரிடமே பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரிமம் பெற்ற நிலையங்களில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். இது நல்ல விதி. நோய் இருக்கிறது என்று சொல்பவரே அதற்குச் சிகிச்சை தந்து கட்டணமும் பெற்றால் சந்தேகத்துக்கு இடம் வந்துவிடும். சிகிச்சைத் தகவல்களைப் பாதுகாக்கத் தனிக் கூட்டாட்சிச் சட்டம் 1970களிலிருந்தே இருக்கிறது; ஒப்புதல் இல்லாமல் அவற்றை வேலை தருபவரிடமோ உறவினரிடமோ சொல்ல முடியாது.

மது அல்லாத போதை

கஞ்சா விஷயத்தில் மூச்சுக் கருவி உதவாது. இல்லினாயில் 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா பயன்படுத்துவது 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி செல்லும். ஆனால் கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. ஒரு மில்லி ரத்தத்தில் 5 நானோகிராமைத் தொட்டிருக்க வண்டி ஓட்டுவது குற்றம். மதுவைப் போல இது சீரான வேகத்தில் கழிவதில்லை. தினமும் பயன்படுத்துபவரின் கொழுப்புத் திசுக்களில் தங்கிச் சிறுநீரில் வாரக்கணக்கில் தென்படலாம். ஆகவே ஆய்வக எண்ணை மட்டும் நம்பாமல், பயன்படுத்தும் முறையைக் கேட்டறிவது இங்கே அதிகம் தேவைப்படுகிறது.

மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளும் கணக்கில் வரும். அல்பிரசோலாம், டையசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், ஓபியாய்டு வலி நிவாரணிகள் எல்லாம் ஓட்டும் திறனைக் குறைப்பவை. மதுவோடு சேரும்போது மூச்சுவிடுவதையே தளர்த்தி உயிருக்கு ஆபத்தாகும். சீட்டு இருக்கிறது என்பது குற்றச்சாட்டுக்கு விடையாகாது. எனவே மதிப்பீட்டுக்குச் செல்பவர் தாம் உட்கொள்ளும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் எடுத்துச் செல்வது அவசியம்.

கைதுக்குப் பின் சட்டென நிறுத்துவதில் உள்ள ஆபத்து

வழக்கு பயத்தில் பலர் அன்றே குடியை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நாள்தோறும் அதிகம் குடித்தவருக்கு இது விபரீதமாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாட்களில், இல்லாததைக் காண்பதும் காய்ச்சலும் குழப்பமுமாகச் சன்னி நிலை ஏற்படலாம். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரைப் பறிக்கும். காவலில் இருப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. நடுக்கம் தெரிந்த உடனே, வழக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நிறுத்திய குடியை மீண்டும் தொடாமலிருக்கத் துணை செய்யும் மருந்துகளாக நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்பிராம் ஆகிய மூன்றுக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை சொல்லும் மணிக்கணக்கு ஆலோசனை நேரத்தைக் குறிப்பது. மருந்துக்கு மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும்.

உரிமமும் விசாவும்

வழக்கு முடிந்த பிறகும் மதிப்பீடு தொடர்ந்து வரும். ஓட்டுநர் உரிமம் ரத்தானவர் அதைத் திரும்பப் பெற மாநிலச் செயலர் அலுவலகத்தின் விசாரணைக்கு வரும்போது மதிப்பீட்டு அறிக்கையை மீண்டும் காட்ட வேண்டும். பழைய அறிக்கையில் சொன்னதையும் இப்போது சொல்வதையும் அங்கே ஒப்பிட்டுக் கேட்பார்கள். அன்று இரண்டு பீர், இன்று ஆறு பீர் என்றால் விண்ணப்பம் அங்கேயே தடுமாறும்.

அமெரிக்காவில் விசாவில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இன்னொரு கட்டமும் உண்டு. கடந்த 5 ஆண்டுகளில் மது தொடர்பான கைது ஒன்றோ, 10 ஆண்டுகளில் இரண்டோ இருந்தால், புதிய விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது தூதரகம் அவரைத் தான் நியமித்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பும். விண்ணப்பப் படிவத்தில் கைது விவரம் கேட்கப்படும். அதை மறைப்பது கைதைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். மதிப்பீட்டு அறிக்கை, வகுப்பும் சிகிச்சையும் முடித்த சான்றிதழ்கள், நீதிமன்றத் தீர்ப்பின் நகல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருந்து அந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும்.