காலில் வளையம், கையில் உயிர்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. இருபுறமும் தொழிற்சாலைகள். ஆனால் நடுநடுவே ஏரிகளும் இருக்கின்றன. மழை பெய்து நீர் நின்றால், குளிர்காலத்தில் வெளிநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்.

இவை எங்கிருந்து வருகின்றன? பறவை பேசாது. அதன் காலில் மாட்டிய வளையம் பேசும்!

1899-ல் டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன், பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். அதற்கு முன் துத்தநாக வளையம் மாட்டிப் பார்த்தார். அது பறவைக்குப் பாரமாக இருந்ததால் கைவிட்டார்.

நம் நாட்டில் இந்த ஆராய்ச்சி பெரிய அளவில் தொடங்கியது 1959-ல். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன், பறவை நிபுணர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலை நெடுங்காலமாக நடக்கும் இடம் கோடியக்கரை. இந்தியாவில் வளையம் பூட்டிய வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டிருக்கின்றன!

மூச்சு நின்றுவிடும்!

வளையம் மாட்ட வேண்டுமானால் முதலில் பறவையைப் பிடிக்க வேண்டும். அபாயம் அங்கேதான்.

மெல்லிய கறுப்பு நூல் வலையை இரு கம்புகளுக்கு நடுவே கட்டுகிறார்கள். பறவைக்கு அது தெரிவதில்லை. மோதி, வலையின் மடிப்பில் விழுகிறது. வெயிலிலோ மழையிலோ அப்படியே தொங்கினால் செத்துப்போகும். ஆகவே அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும்.

பிடிக்கும் கை இன்னும் ஆபத்தானது. நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை உண்டு; பறவைக்கு அது கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பயத்தில் துடிப்பதாக நினைத்து இன்னும் இறுக்குகிறவர்களும் உண்டு!

நீண்ட கால் உள்ளான்களுக்கு வேறொரு தொல்லை. பயந்து திமிறுவதில் கால் தசைகள் கெட்டு, விட்டபின் நிற்க முடியாமல் விழும். சில பறவைகள் பல நாள் கழித்தும் இறக்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட பிடிப்புகளைக் கணக்கெடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். காயம் 1000-க்கு சுமார் 6. சாவு சுமார் 2. பழகிய கைகளில் கண்ட கணக்கு இது.

பிடிக்கிறவருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கொக்கு, நாரை கண்ணைக் குறி பார்த்துக் கொத்தும். பறவைக் காய்ச்சலும் தொற்றலாம்.

காட்டுப் பறவையை இஷ்டம்போல் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, ஆராய்ச்சிக்கும் உத்தரவு வேண்டும்.

ஒரகடம் ஏரிக்கரையில் வளையமிட்ட பறவை உயிரோடு தென்பட்டால் பிடிக்க வேண்டாம். தூரத்திலிருந்து படம் எடுத்தால் போதும். இறந்து கிடந்தால் வெறும் கையால் தொடாமல், வளையத்தின் எண்ணையும் இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்கோ கழகத்துக்கோ தெரிவிக்கலாம்.