ஆடி மாதத்திலும் ஸ்ட்ராபெரி பறிக்கலாம்



மலையில் ஸ்ட்ராபெரி போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, மாசி பங்குனியில் எல்லார் தோட்டத்திலும் பழம் இருக்கு, விலை இல்லை. ஆனி ஆடியில் விலை இருக்கு, நம்மகிட்டே பழம் இல்லை. பசுமைக்குடில் போட்டால் ஆடியிலும் பறிக்கலாமா?" பறிக்கலாம். ஆனால் எப்படிப்பட்ட குடில் போடுகிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

மகாபலேசுவரத்துப் பழம் மார்கழி முதல் பங்குனி வரை சந்தையை நிரப்பிவிடும். அங்கே மழை பிடித்ததும் அந்த வரத்து நின்றுவிடும். அந்த மாதங்களில் நீலகிரியிலும் மழைதானே! பூவிலும் பழத்திலும் ஈரம் தங்கி, சாம்பல் நிறப் பூசணம் பிடித்து, பழம் செடியிலேயே அழுகிப் போகிறது. கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மழை இதே வேலையைச் செய்கிறது.

இப்போது செடியின் கணக்கைப் பார்ப்போம். சாண்ட்லர், ஸ்வீட் சார்லி போன்ற இரகங்கள் பகல் குறுகி, குளிரும் இருந்தால்தான் பூ எடுக்கும். ஜப்பான், ஹாலந்து போன்ற குளிர்நாடுகளில் கோடைப் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீளும். பனிக்காலமோ உறைய வைக்கும். அதனால் அவர்கள் குடிலை மூடிச் சூடேற்றுகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள். நம் மலைகளில் பகல் எந்த நாளும் 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. இரவில் குளிரும் இருக்கிறது. செடிக்கு வேண்டியது இங்கே இயற்கையாகவே கிடைக்கிறது. கெடுப்பது மழை ஒன்றுதான். குடில் அவர்களுக்குக் கம்பளி, நமக்குக் குடை. இதை மறந்து நாலு பக்கமும் மூடிய குடில் போட்டால், நண்பகலில் உள்ளே 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு ஏறும். இலை செழிக்கும், பூ குறையும். கடன் மட்டும் நிற்கும்.

ஆகவே கூரைக்கு மட்டும் வெயில் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாள் போடுங்கள். பக்கங்களில் சுருட்டி ஏற்றுகிற திரை போதும். சாரல் அடித்தாலோ, தை மாதத்தில் உறைபனி இறங்கும் இரவிலோ அதை இறக்கி விடலாம். ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி கால்களை ஆழமாக ஊன்றுங்கள்.

உருளைக்கிழங்கு, தக்காளி விளைந்த இடத்தைத் தவிர்த்து விடுங்கள். அவற்றைத் தாக்கும் வாடல் நோய் ஸ்ட்ராபெரியையும் தாக்கும். மலை மண்ணில் புளிப்பு அதிகம். மண் பரிசோதனை செய்து அதன்படி சுண்ணாம்பு இடுங்கள். ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, தொழு உரம் கலந்து, சொட்டு நீர்க் குழாய் இழுத்து, கறுப்புத் தாளால் மூடாக்குப் போடுங்கள். நோயில்லாத நாற்றாக வாங்கி, ஒரு அடிக்கு ஒன்றாக மாற்றி மாற்றி நடுங்கள். குருத்து மண்ணில் புதையவும் கூடாது, வேர் வெளியே தெரியவும் கூடாது. மாசி கடைசியில் நட்டு, முதலில் வருகிற பூக்களையும் ஓடுதண்டுகளையும் கிள்ளி விட்டால், செடி திடமாகி ஆனி ஆடியில் காய்க்கும்.

அடுத்தது தேனீ. ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேலே தெரிகிற ஒவ்வொரு விதையும் மகரந்தம் சேர்ந்து பிடித்தால்தான் அந்த இடத்துச் சதை பருக்கும். சேராத பக்கம் குழி விழுந்து கோணல் பழமாகும். வியாபாரி கழித்துப் போட்டு விடுவார். எனவே பூக்கிற காலத்தில் திரையைக் காலையிலேயே ஏற்றி விடுங்கள். நெருக்கமான வலை கட்டினால் தேனீ நுழையாது. பக்கத்தில் ஒரு தேனீப் பெட்டி வைத்தால் இன்னும் நல்லது.

மழை படாத செடியில் செஞ்சிலந்தி பெருகும். வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முற்றிய இலைகளைக் கிள்ளி எரித்து விடுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் பழம் பறிக்கிற பயிர் இது. கண்ட மருந்தையும் தெளித்தால் அது தின்பவர் வயிற்றுக்குத்தான் போகும். எதைத் தெளிக்கலாம், தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று கேட்டறிந்து செய்யுங்கள்.

பூத்த ஒரு மாதத்தில் பழம் சிவக்கும். பறித்த பிறகு இது பழுக்காது; வெளியூருக்கு அனுப்புவதானால் முக்கால் பாகம் சிவந்ததும், வெயில் ஏறுமுன் காம்போடு கிள்ளி, ஆழமில்லாத தட்டில் ஒரே அடுக்காக வையுங்கள்.

சமவெளியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குடை மழையைத் தடுக்கும். உங்கள் ஊர் இரவைக் குளிர வைக்காது. யாராவது குடில் விற்க வந்து, ஆடியில் ஸ்ட்ராபெரி காய்க்கும் என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மலையில் இருப்பவர்களும் முதல் வருஷம் இரண்டு மூன்று சென்ட் இடத்தில் மட்டும் செய்து பாருங்கள். வாங்குகிறவரிடம் விலை பேசிவிட்டு, பிறகு வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் இடத்தைக் காட்டி யோசனை கேளுங்கள். கூரைத் தாள் வாங்குவது அதற்கப்புறம் இருக்கட்டும்.